பாவாணர் ஐயாவுக்குத் திருவேங்கடத்திலிருந்து

திருவேங்கடம்,
தென்காசி மாவட்டம்.

மதிப்பிற்குரிய மொழியறிஞர் பாவாணர் ஐயா அவர்களுக்கு,

நீங்கள் 1902 பிப்ரவரி 7-ஆம் நாள் சங்கரன்கோவிலில் பிறந்தவர். இளம் வயதில் இராசபாளையம் பக்கத்து முறம்பில் ஆசிரியராக இருந்தவர். அந்த இரண்டு ஊருக்கும் தூரமில்லாத திருவேங்கடத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் காலத்தில் திருநெல்வேலிச் சீமை. 2019-லிருந்து எங்களுக்குத் தென்காசி மாவட்டம். மண் அதே கரிசல்தான்.

நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். 1981 ஜனவரியில் மதுரையில் நீங்கள் மறைந்துவிட்டதால் உறையில் போட்டு ஒட்ட வழியில்லை. திறந்தே விடுகிறேன், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

உங்கள் சொல்லாய்வுக் கட்டுரைகளில் ‘தமிழ்ச்சொல் வளம்’ என்று ஒன்று உண்டு. அதன் சுருக்கம் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்றுவிட்டதால் இப்போது பிள்ளைகள் அதை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். அடி, கிளை, இலை, கொழுந்து, பூ, பிஞ்சு, குலை, தோல், மணி என்று செடியை உறுப்பு உறுப்பாக எடுத்து, எதற்குத் தமிழில் என்ன பெயர், எந்தப் பயிருக்கு எந்தச் சொல் என்று வரிசைப்படுத்திய கட்டுரை அது. தமிழின் வளத்தைக் காட்டுவதற்காக எழுதினீர்கள். நான் அதைச் செடிகளை அடையாளம் காணப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எண்ணியிராத பயன் என்றே நினைக்கிறேன்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். தாவரவியல் படித்தவன். விடுமுறை நாட்களில் பள்ளிப் பிள்ளைகள் சிலரைக் கூட்டிக்கொண்டு வரப்பு, ஓடைக்கரை, தரிசு என்று நடப்போம். கண்ணில் படுகிற செடி எது என்று பார்த்து எழுதி வைப்போம். கையில் கேம்பிள் தொகுத்த சென்னை மாகாணத் தாவர நூலின் மறுபதிப்பு இருக்கும். 1915-இல் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கிய நூல் அது. கேம்பிள் 1925-இல் இறந்துபோக, பிஷர் என்பவர் 1936-இல் முடித்துவைத்தார். கூடவே, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியத்திலிருந்து மேத்யூ பாதிரியார் 1980-களில் கொண்டுவந்த தொகுதிகளையும் புரட்டிக்கொள்வோம்.

இந்த நூல்கள் நம்மைப் படம் பார்த்துப் பெயர் சொல்ல விடாது. கேள்வி மேல் கேள்வி கேட்கும். இலை எதிரெதிராக இருக்கிறதா, மாறி மாறியா? தனியிலையா, கூட்டிலையா? பூ கதிராக நிற்கிறதா, உருண்டையாகத் திரண்டிருக்கிறதா? இரண்டில் ஒன்றைத் தேர்ந்தால் அடுத்த கேள்விக்கு அனுப்பும். லாமார்க் 1778-இல் பிரான்சு நாட்டுத் தாவரங்களுக்காகக் கையாண்ட முறை இது. இன்றைக்கும் உலகம் முழுக்க இதே வழிதான். பதில் சொல்ல வேண்டுமானால் கேள்வியில் இருக்கும் சொல் புரிய வேண்டும். செடி கையில் இருந்தும் சொல் கையில் இல்லாமல் பாதி வழியில் நின்றுவிடுகிற மாணவர்களை நிறையப் பார்க்கலாம்.

எங்கள் ஊர் முள்மரங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் போகிறவருக்கு எல்லாமே முள்ளுக்காடு. இறங்கிப் பார்த்தால் குறைந்தது நான்கு மரம் இருக்கிறது. கருவேலில் பூ பொன்மஞ்சளாக உருண்டு திரண்டிருக்கும். காய் விதைக்கு விதை இறுகி, கோத்த மணிபோல இருக்கும். வெள்வேலின் பட்டை வெளிறியது. பூவுருண்டைகள் சிறிதாக, வெளிர் மஞ்சளாக, குச்சு நுனியில் கொத்துக்கொத்தாக நிற்கும். உடைமரம் குடை விரித்ததுபோல் தட்டையான உச்சியோடு நிற்கும். பூ வெள்ளை, காய் சுருளும். சீமைக்கருவேலில் மட்டும் உருண்டை கிடையாது. பூ நீளக் கதிர், பச்சையோடிய மஞ்சள். காய் சதைப்பற்றோடு இனிக்கும். உருண்டையா, கதிரா என்ற ஒரே கேள்வியில் சீமையும் நாடும் பிரிந்துவிடுகின்றன.

இங்கே பெயர்கள் படுத்திய பாட்டையும் சொல்ல வேண்டும். நான் படித்தபோது கருவேல், வெள்வேல், உடை மூன்றும் அக்கேசியா என்ற பேரினம். 2005-இல் வியன்னாவில் கூடிய தாவரவியலாளர்கள் அந்தப் பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். 2011-இல் மெல்பர்னில் அதுவே உறுதியாயிற்று. நம் மரங்கள் வாச்செல்லியா ஆகிவிட்டன. நம் ஆட்களுக்குக் கோபம் வந்தது, எனக்கும்தான். ஆனால் முள் கணுவுக்கு இரண்டாக நிற்பதையோ, பூ உருண்டையாகத் திரள்வதையோ எந்த மாநாடும் மாற்ற முடியாது. பெயர் போகும், வரும். உறுப்பைச் சொல்லும் சொல் அப்படியே இருக்கும்.

உங்கள் பட்டியலை நான் இரண்டாம் தடவை, வேறு கண்ணோடு படித்தது இந்தச் சமயத்தில்தான்.

அடிக்கு நீங்கள் காட்டிய சொற்களைப் பார்க்கிறேன். நெல்லுக்குத் தாள். சோளத்துக்கும் கம்புக்கும் தட்டை. கரும்புக்குக் கழி. மூங்கிலுக்குக் கழை. தமிழாசிரியர் இதை நான்கு பயிருக்கு நான்கு பெயர் என்று சொல்லிக்கொடுப்பார். தாவரவியல் படித்தவன் வெட்டிப் பார்ப்பான். நெல்லின் தாள் உள்ளே புழையானது, மெலிந்தது. சோளத்தட்டை உள்ளே நெட்டி நிறைந்தது. கரும்பு சாறு நிறைந்து திண்ணென்று இருக்கிறது. மூங்கில் மறுபடியும் புழை, ஆனால் சுவர் மரம்போல் கெட்டி. நான்குமே ஒரே புல் குடும்பம். மேல்நாட்டுத் தாவரவியல் இந்த நான்குக்கும் கல்மஸ் என்ற ஒரே லத்தீன் சொல்லை வைத்துக்கொண்டு, புழையுள்ளது, திண்மையானது என்று அடைமொழி சேர்க்கிறது. நம்மிடம் அடைமொழி சொல்லுக்குள்ளேயே போய்விட்டது. தட்டை என்று சொன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்பதும் தெரிந்துவிடுகிறது. மாட்டுக்கு எதை நறுக்கிப் போடலாம், எது கூரைக்கு ஆகும் என்பதும்.

வாழைக்கு நீங்கள் தண்டு என்றீர்கள். இதில் நம் அடுப்படிக்காரர்கள் உங்களையும் என்னையும் தாண்டிவிடுகிறார்கள். வெளியே தெரிகிற பருத்த அடி, இலைகளின் உறைகள் ஒன்றின்மேல் ஒன்று சுற்றியதே. தாவரவியல் அதைப் பொய்த்தண்டு என்கிறது. உண்மையான தண்டு நடுவில், பூவைத் தாங்கி மேலே வருவது. கூட்டுக்கு நறுக்குகிறவர்கள் வெளியே உரித்து எறிவதை மட்டை என்றும், உள்ளே எடுத்து நறுக்குவதைத் தண்டு என்றும் பிரித்துத்தான் பேசுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை அவர்கள் அரிவாள்மனையில் நடத்துகிறார்கள்.

கிளைக்கு நீங்கள் காட்டிய வரிசை எனக்கு மிகப் பிடித்தது. கவை, கொம்பு, கிளை, சினை, போத்து, குச்சு, இணுக்கு. அடிமரத்திலிருந்து பிரியப் பிரிய ஒவ்வொரு படிக்கும் ஒரு சொல். தாவரவியலில் முதல்நிலைக் கிளை, இரண்டாம்நிலைக் கிளை என்று எண்ணிக்கொண்டு போவார்கள். ஏழாவதுக்குத் தனிப்பெயர் வைத்ததாக நான் படித்ததில்லை. கடைசிச் சொல்லான இணுக்கிடம் மட்டும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. நீங்கள் அதைக் குச்சின் பிரிவாகக் கொண்டீர்கள். கடையில் ஒரு இணுக்குக் கறிவேப்பிலை கேட்டு வாங்கி வந்தால், கையில் இருப்பது கிளையே அல்ல, ஒற்றை இலை. அதில் வரிசையாக இருப்பவை சிற்றிலைகள். சோதிக்க வழி சுலபம்: இணுக்கு மரத்தோடு சேருகிற கக்கத்தில் மொட்டு இருக்கும், சிற்றிலைகளின் கக்கத்தில் இருக்காது. கிளையாக இருந்தால் அங்கேயும் இருந்திருக்க வேண்டும். ஆகவே இணுக்கைக் கூட்டிலைக்கு வைத்துக்கொள்கிறேன், மன்னிக்க வேண்டும்.

அந்தக் கூட்டிலையின் நடு நரம்புத்தண்டுக்கு எங்கள் தாவரவியல் வகுப்பில் ராக்கிஸ் என்று சொல்லிக்கொடுத்தார்கள். தமிழ்வழியிலும் ராக்கிஸ்தான். அதே நாளில் வீட்டில் முருங்கை ஈர்க்கை ஒடித்துப் போட்டு ரசம் வைத்திருப்பார்கள். வேப்பிலையை உருவிவிட்டு ஈர்க்கைக் கஷாயத்துக்கு எடுத்து வைத்திருப்பார்கள். சொல் அடுப்படியில் இருந்தது, வகுப்பறைக்கு வரவில்லை. உங்கள் கட்டுரையைப் படித்த பிறகுதான் இப்படிக் காதைத் தீட்டிக்கொள்ள ஆரம்பித்தேன்.

பெயருக்கும் கலைச்சொல்லுக்கும் என்ன வித்தியாசம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். பெயர் ஒரு செடியோடு ஒட்டிக்கொள்ளும். கலைச்சொல் இதுவரை பார்க்காத செடிக்கும் போய் உட்காரும். வடலி என்றால் இளம்பனை மட்டும். தென்னங்கன்றை யாரும் வடலி என்பதில்லை. தட்டை அப்படியில்லை. இப்போது எங்கள் பக்கத்தில் சோளமும் கம்பும் குறைந்து காடெல்லாம் மக்காச்சோளம். அமெரிக்காவிலிருந்து வந்த பயிர். அதற்கு யாரும் உட்கார்ந்து புதுச்சொல் ஆக்கவில்லை. முதல் வெள்ளாமையிலேயே மக்காச்சோளத் தட்டை, மக்காச்சோளக் கருது என்று ஆகிவிட்டது. வெட்டிப் பார்த்தால் உள்ளே நெட்டி. சொல் சரியாகத்தான் போய் உட்கார்ந்திருக்கிறது.

சீமைக்கருவேலுக்கும் இதுவே நடந்தது. எங்கிருந்தோ வந்த மரம். ஆனால் காய் முற்றி உலர்ந்து விழுந்ததும் ஆட்டுக்காரர் அதை நெத்து என்றே சொன்னார். உளுந்து, தட்டைப்பயறு, கருவேல் எல்லாவற்றின் முற்றிய காயும் நெற்று. யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவர் அந்த மரத்தைப் பயறுக் குடும்பத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார். தாவரவியலும் அதை அங்கேதான் வைத்திருக்கிறது.

அதனால் உங்கள் பட்டியலில் எந்தச் சொல் இப்படிப் பயணம் போகக்கூடியது, எது ஒரே செடியோடு நின்றுவிடுவது என்று பிரித்துப் பார்க்கிறோம். குருத்து போகும். கொழுந்தாடை கரும்போடு நிற்கும். மூசு பலாவோடு நிற்கும். சீப்பு வாழையோடு நிற்கும். கவ்வை எள்ளோடு நிற்கும். நிற்கிற சொற்கள் மட்டம் என்று சொல்ல வரவில்லை. அவை விவசாயிக்கு உயிர். செடி அடையாளம் காண வருகிறவனுக்குப் போகிற சொற்கள்தான் கருவி.

லத்தீன் சொற்கள் ஏதோ மேலே இருந்து இறங்கியவை என்ற பயம் நம் பிள்ளைகளுக்கு இருக்கிறது. அதைப் போக்க எனக்குச் சங்கரன்கோவில், புளியங்குடிப் பக்கத்து நெசவு உதவுகிறது. மகரந்தத்தாளை ஆங்கிலத்தில் ஸ்டேமன் என்கிறார்கள். லத்தீனில் அதற்குத் தறியில் கட்டும் பாவு நூல் என்று பொருள். சூலகத்துக்குச் சொல்லும் பிஸ்டில், இடிக்கும் உலக்கை. கொத்துப் பூவுக்குச் சொல்லும் ரசீம், திராட்சைக் குலை. கதிருக்குச் சொல்லும் ஸ்பைக், தானியக் கதிரேதான். ரோமாபுரித் தறிக்காரரும் திராட்சைத் தோட்டக்காரரும் சொன்னதை எடுத்துத்தான் அவர்கள் அறிவியல் செய்தார்கள். பூவின் புறவிதழுக்கு வழங்கும் செபல் என்ற சொல் 1790-இல் நெக்கர் என்பவர் உண்டாக்கியது. லின்னேயஸ் 1751-இல் தாவரவியல் சொற்களை ஒழுங்குபடுத்தி நூல் எழுதியபோது அந்தச் சொல்லே கிடையாது. அவர்களும் தேவைப்படும்போது தேவைப்பட்டதைச் செய்துகொண்டவர்கள்தான்.

1935 முதல் 2011 முடிய, புதிதாகக் கண்டுபிடித்த செடியை லத்தீனில் விவரித்தால்தான் அதன் பெயர் செல்லும் என்று விதி இருந்தது. 2012-லிருந்து ஆங்கிலத்திலும் எழுதலாம். தமிழில் எழுதினால் செல்லாது. அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. உலகம் படிக்க ஒரு பொதுமொழி வேண்டும். எங்கள் பிள்ளைகள் படிக்கத் தமிழில் ஒரு விவரிப்பு வேண்டும் என்பதுதான் என் கவலை.

இந்தச் சொற்களை நீங்கள் ஏட்டிலிருந்து மட்டும் எடுக்கவில்லை. மூசு, நுழாய் போன்ற சொற்களோடு சண்டு, சொண்டு, அளியல் என்று களத்துமேட்டிலும் சந்தையிலும் புழங்குவதையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தீர்கள். அந்தக் காலத்துப் புலவர் உலகில் அது சின்ன விஷயமில்லை. பதராகப் போன மிளகாய்க்குச் சொண்டு என்று ஒரு சொல் இருக்கிறது, அதுவும் தமிழின் சொத்து என்று எழுத ஒரு துணிச்சல் வேண்டும். பிறகு 1982-இல் இடைசெவல் கி. ராஜநாராயணன் கரிசல் வழக்குச் சொற்களை அகராதியாகவே கொண்டுவந்தார். அவர் வழி வேறு, உங்கள் வழி வேறு. எங்களுக்கு இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

களை வெட்டுகிற பெண்கள்தான் இந்தப் பட்டியலின் உண்மையான சொந்தக்காரர்கள் என்று எனக்கு எப்போதும் ஒரு நினைப்பு. நிரை பிடித்துக் குனிந்தபடியே போகிறவர்கள், முளைத்து இரண்டு இலை விட்ட பருவத்தில் பயிர் எது, புல் எது என்று நிமிராமல் பிரிக்கிறார்கள். புத்தகம் பூவையும் காயையும் கேட்கும். அவர்களுக்கு அதுவரை காத்திருக்க நேரமில்லை. ஒருமுறை ஓடையோரத்துச் செடி ஒன்றைக் காட்டி, இது புல்லா கோரையா என்று பிள்ளைகள் திகைத்தபோது, அங்கே நின்ற ஒரு சின்னம்மா, “விரல்ல வச்சு உருட்டிப் பாருங்க தம்பி, உருளாது” என்றார். கோரைத் தண்டு பெரும்பாலும் முப்பட்டை, புல்லின் தாள் உருண்டை. இலை அடுக்கும் அப்படியே: கோரையில் மூன்று வரிசை, புல்லில் இரண்டு. எங்கள் நூலில் அரைப்பக்கம் வரும் விஷயம் அவர் இரண்டு விரலுக்குள் இருந்தது.

பருவத்தைச் சொல்வதிலும் அவர்கள் தாராளம். கம்பு பூட்டை வாங்கிவிட்டது, பால் பிடிக்கிறது, மணி முற்றுகிறது. பருத்தியில் சப்பை கட்டுகிறது, பிறகு பூ, காய், வெடிப்பு. எல்லாம் எடுத்து முடிந்தபின் நிற்பது மார், அடுப்புக்குப் போகும். 1974-இல் சடோக்ஸ் என்பவரும் அவரோடு பணியாற்றியவர்களும் தானியப் பயிரின் வளர்ச்சிக்கு எண் வைத்து ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். இன்றும் ஆராய்ச்சி நிலையங்களில் அதைப் பயன்படுத்துகிறார்கள். அதில் எழுபதுகள் எல்லாம் பால் பருவம். அதே 1974-இல்தான் நீங்கள் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்கு இயக்குநரானீர்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத செய்தி. எனக்கு மட்டும் இரண்டையும் சேர்த்து நினைக்கப் பிடித்திருக்கிறது. பூவுக்கு நீங்கள் காட்டிய அரும்பு, போது, மலர், வீ, செம்மல் என்ற வரிசையும் அப்படி ஓர் அளவுகோலே. விழுந்த பூவுக்கும் வாடிய பூவுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கும் மொழியில் பூக்கும் காலத்தைக் குறித்து வைப்பது எளிது. எங்கள் குறிப்பேட்டில் தேதிக்குப் பக்கத்தில் எண் எழுதாமல் இந்தச் சொற்களையே எழுதுகிறோம்.

செடியும் சொல்லும் ஒரே ஆள் கையில் சேர்ந்ததற்கு நம் கடற்கரையில் ஒரு முன்கதை உண்டு. லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அவரையடுத்து 1776-இல் வந்த ராட்லர் பாதிரியார் ஊர் ஊராகச் செடி சேகரித்து, உலர்த்தி, ஐரோப்பாவுக்கு அனுப்பினார். தமிழ்–ஆங்கில அகராதி ஒன்றும் தொகுத்தார். அது 1834-இலிருந்து அச்சாகி வந்தது. இடையில் 1836-இல் காலமானார். அவர் செடிகள் இன்று கியூ தோட்டத்தில் இருக்கின்றன. ஒரு மேசையில் உலர்ந்த செடி, மறு மேசையில் சொல். இரண்டுக்கும் நடுவில் அவர் நாற்காலியை எப்படித் திருப்பிப் போட்டிருப்பார் என்று யோசிப்பேன்.

இன்னொரு ஒற்றுமையும் கண்ணில் பட்டது. நீங்கள் சளைக்காமல் குறை சொன்ன சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதி 1924-இல் வெளிவரத் தொடங்கி, ஆறு தொகுதியாக 1936-இல் நிறைவுற்றது. கேம்பிளின் நூலும் முடிந்தது 1936-இல். செடிப்பெயர்களுக்கு அந்த அகராதி தாவரவியல் பெயர் தந்திருக்கிறது. நீங்கள் சொன்ன குறைகளை மறுக்கவில்லை. இந்த ஒன்றுக்காக நான் அதை மன்னித்துவிடுகிறேன்.

ஐயா, நன்றிக் கடிதத்தில் மாறுபாடு சொல்லலாமா என்று யோசித்தேன். நீங்கள் வாதத்துக்கு அஞ்சியவர் அல்ல என்பதால் சொல்கிறேன். இத்தனை நுட்பமான சொற்கள் இருப்பதால் தமிழே உலகின் முதல் தாய்மொழி என்று நீங்கள் போன தூரத்துக்கு என்னால் வர முடியவில்லை. இதே கரிசலில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களும் இதே பருத்தியை, இதே கம்பைத் தலைமுறை தலைமுறையாக விதைக்கிறவர்கள். அவர்களிடம் கேட்டால் அவர்களுக்கும் ஒரு பட்டியல் இருக்கும். மண்ணைக் குனிந்து பார்த்த எல்லா மொழியிலும் இந்தச் செல்வம் இருக்கும் என்றே நம்புகிறேன். நம்முடையதை ஒருவர் உட்கார்ந்து எழுதி வைத்தார் என்பதுதான் நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம்.

பட்டியலுக்கு எல்லையும் உண்டு. விளையும் பயிருக்கும், பழம் தரும் மரத்துக்கும் சொல் கொட்டிக்கிடக்கிறது. இலையின் வடிவத்துக்குக் கேட்டால் கை விரித்துவிடுகிறது. அடி அகன்றதா, நுனி அகன்றதா, ஈட்டி வடிவா, இதய வடிவா, விளிம்பு பல் பல்லாக இருக்கிறதா, முழுமையானதா? குப்பைமேனியையும் துத்தியையும் பிரிக்க இதெல்லாம் வேண்டும். இங்கே பள்ளிப் புத்தகத்துச் சொற்கள்தான் உதவிக்கு வருகின்றன: எதிரிலை, மாற்றிலை, இலையடிச் செதில், புல்லி வட்டம், அல்லி வட்டம், மஞ்சரி. இவற்றைச் செய்தவர்களுக்கும் நன்றி சேரட்டும். மஞ்சரி வடமொழி என்று நீங்கள் முகம் சுளிப்பீர்கள். எனக்கு அது பழகிவிட்டது, விடுகிறதாக இல்லை. விளிம்புப் பல்லுக்கு மட்டும் பனைமரத்தில் ஒரு சொல் இருக்கிறது. மட்டையின் இரு ஓரத்திலும் அறுவாள்போல் நிற்பது கருக்கு. அது பயணம் போகுமா என்று பார்த்தோம். கற்றாழை மடல் வரைக்கும் பிள்ளைகள் தயங்காமல் சொன்னார்கள். துத்தி இலையிடம் போனதும் சிரித்துவிட்டார்கள். கையைக் கிழிக்காதது கருக்காக முடியாதாம்.

பனை என்றதும் தொல்காப்பியம் நினைவுக்கு வருகிறது. மரபியலில் வெளியே வயிரம் உள்ளதைப் புல் என்றும், உள்ளே வயிரம் உள்ளதை மரம் என்றும் பிரித்திருக்கும் இடம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் கணக்குப்படி பனை புல். வகுப்பில் சொன்னால் இன்னும் சிரிக்கிறார்கள். அறுத்துக் காட்டினால் சிரிப்பு நிற்கிறது. பனையில் கட்டைவரி வெளிப்புறத்தில்தான் நெருக்கமாக இருக்கும், நடு மெத்தென்று இருக்கும். வேம்பிலும் கருவேலிலும் கெட்டி நடுவில். பனை, தென்னை, மூங்கில், நெல் எல்லாம் ஒருவிதையிலைத் தாவரங்கள். வேம்பும் புளியும் இருவிதையிலை. தொல்காப்பியப் பிரிவும் தாவரவியல் பிரிவும் முழுக்க ஒன்றே என்று மேடையில் முழங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்த அளவுக்குப் போக மாட்டேன். விதையை முளைக்கவைத்து எண்ணிய பிரிவு ஒன்று, கோடரி இறங்கும் விதத்தைப் பார்த்துச் செய்த பிரிவு இன்னொன்று. வெவ்வேறு வாசலில் நுழைந்து பெரும்பாலும் ஒரே கூடத்துக்கு வந்திருக்கிறார்கள்.

உங்கள் அகரமுதலியின் முதல் பகுதி நீங்கள் போனபின் 1985-இல்தான் வெளிவந்தது. சொல் சேர்க்கிற வேலை ஒருவர் ஆயுளில் முடிவதில்லை போலும். எங்கள் வேலை அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. உங்கள் சொற்களை வைத்து, எங்கள் காட்டு மரங்களுக்குத் தமிழில் விவரிப்பு எழுதுகிறோம். பெயர் சொல்லாமல் விவரிப்பை மட்டும் படித்தால் அடுத்த ஊர்ப் பிள்ளை அந்த மரத்தின் முன்னால் போய் நிற்க வேண்டும். அதுதான் எங்கள் தேர்வு. ஒன்றை உங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

வெள்வேல்: அடிமரத்தின் பட்டை வெளிறியது. கவை தாழவே பிரியும். போத்தில் கணுவுக்கு இரண்டு நேர்முள். இணுக்கு இருமடிக் கூட்டிலை. நடு ஈர்க்கின் இருபுறமும் சிற்றீர்க்குகள், அவற்றில் நெருக்கமாகச் சிற்றிலைகள். பூ சிறு உருண்டைகளாகத் திரண்டு, குச்சு நுனியில் கிளைத்த கொத்தாக நிற்கும். நிறம் வெளிர் மஞ்சள். நெற்று தட்டையானது, சற்றே வளைந்தது, மென்மயிர் போர்த்தது.

‘சிற்றீர்க்கு’ எங்கள் கைச்சரக்கு, தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஓர் இடம் நிரம்பவில்லை. முற்றினால் நெற்று, சரி. முற்றாமல் பச்சையாக, விதை பிடிக்கிற பருவத்தில் இருக்கும் வேலங்காய்க்கு என்ன சொல்? பிஞ்சு என்கிறார் ஒருவர். பிஞ்சு வேறு, இது வேறு என்கிறார் இன்னொருவர், ஆனால் சொல் என்னவென்று அவருக்கும் வரவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் கிடை போட்டிருக்கும் ஆட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கும் என்று பிள்ளைகள் கேட்கப் போயிருக்கிறார்கள்.


திருவேங்கடத்துச் செடி பார்ப்பவன்